வெள்ளீயச் சுரங்கத்தாரும் கோலார்ப் பொன்வயலும்

பொன்னைப் பற்றி வரலாறு பேசுங்கால், அதனை அணிந்த அரசரையும் விற்ற வணிகரையும் குறித்தே பெரும்பாலும் பேசும். நிலத்தின் வயிற்றினின்றும் அதனை எடுத்தளித்தோர் யாவர், அவ்வித்தையை அவர் எங்குக் கற்றனர், கற்றதனால் அவர் எய்திய நிலை யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டிலே சுரங்கப் பொறியியலாளர் எனப்படும் ஒரு தொழில் வகுப்பினர் தோன்றி, மெக்சிக்கோவில் வெள்ளியும், அவுஸ்திரேலியாவிற் பொன்னும், மலாயாவில் வெள்ளீயமும் எடுத்துக் கண்டம் விட்டுக் கண்டம் சென்று வாழ்ந்தனர். அவருள் ஒரு பெரும் பகுதியினர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ண்வால் என்னும் சிறு நிலப்பகுதியைச் சேர்ந்தோராவர்.

இக்கோர்ண்வால் நாட்டார் வெள்ளீயத்திற் கற்ற வித்தையைப் பொன்னிற் செலுத்திய இடங்களுள் ஒன்று மைசூர் நாட்டுக் கோலார். அங்கு நிலத்தின் கீழ் இறங்கி உழைத்தோரிற் பெரும்பாலார் தமிழர். ஆதலால் இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. கோர்ண்வாலிலே சுரங்கக் கூலியாளாகத் தொடங்கிய ஒருவன், அனுபவம் ஒன்றையே முதலாகக் கொண்டு மேற்பார்வையாளனாகவும் உலகம் சுற்றும் நிபுணனாகவும் உயர முடிந்தது. அதே அனுபவத்தை மூன்று தலைமுறையாக ஈட்டிய தமிழ்த் தொழிலாளி அவ்வாறு உயராதது ஏன்? இக்கட்டுரை ஆராயப் புகுவது இவ்வினாவையே.

வெள்ளீயம் கற்பித்த வித்தை

செம்போடு வெள்ளீயம் கலந்தாற் பெறப்படுவது வெண்கலம். ஐரோப்பாவில் வெள்ளீயம் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றுட் கோர்ண்வால் மிகப் பழமையானது. மேற்பரப்பில் இருந்த தாது தீர்ந்தபின் அந்நாட்டார் கருங்கற் பாறையைக் குடைந்து ஆழ இறங்கினர். ஆழம் மிகுந்தோறும் ஊற்று நீர் சுரங்கத்தை நிரப்பியது. அந்நீரை இறைத்து வெளியேற்றும் முயற்சியே நீராவிப் பொறியை அந்நாட்டில் வளர்த்தது. டொல்கோத் என்னும் புகழ்பெற்ற சுரங்கத்தின் மேற்பார்வையாளர் ஒருவரின் மகனான றிச்சாட் றெவிதிக் (1771-1833) உயர் அழுத்த நீராவிப் பொறியை ஆக்கியவருள் முதல்வர். 1816இல் அவர் பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தம் பொறிகளைப் பின்தொடர்ந்து கடல் கடந்தார். பதினோராண்டுகள் தென் அமெரிக்காவில் அலைந்து, 1827இல் வெறுங்கையராய் மீண்டார். கடல் கடந்த கோர்ண்வால் பொறியியலாளர் வரிசையில் அவர் முன்னோடியெனலாம்.

அந்நாட்டின் கூலி முறையும் நோக்கற்பாலது. தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடி, பாறையின் ஒரு பகுதியை ஏலத்தில் எடுப்பர். அதிலிருந்து பெறப்படும் தாதுவின் விலையில் ஒரு பங்கே அவர் கூலி. பாறையைப் பார்த்த அளவில் அதன் தரத்தை மதிக்க அறியாதவன் பட்டினி கிடப்பான். ஆகவே ஒவ்வொரு தொழிலாளியும் தன்னளவில் ஒரு மதிப்பீட்டாளனாகவே பயின்றான். இவ்வாறு பயின்றோருட் சிறந்தவரே 'கப்டன்' எனும் பட்டத்தோடு மேற்பார்வையாளராயினர். கல்லூரிப் பட்டம் அவருக்கு வேண்டியதில்லை. கம்போண் நகரிலே சுரங்கக் கல்லூரி தோன்றியது 1888இலேதான். அதற்கு முன்பே கோர்ண்வால் கப்டன்மார் உலகின் பல சுரங்கங்களை நடத்திக்கொண்டிருந்தனர்.

இவர்களை ஒருங்கு சேர்த்து உலகிற்கு அனுப்பிய நிறுவனங்களுள் தலையாயது ஜோன் டெயிலர் கொம்பனி. அதனை நிறுவிய ஜோன் டெயிலர் (1779-1863) நோர்விச் நகரிற் பிறந்தவர். 1798இல், தம் பத்தொன்பதாம் வயதிலேயே, டெவன் பகுதியிலுள்ள செப்புச் சுரங்கமொன்றின் மேலாளரானார். 1824இல் மெக்சிக்கோவின் றியல் டெல் மொன்ரே வெள்ளிச் சுரங்கங்களை ஏற்றுக் கோர்ண்வால் தொழிலாளரையும் பொறிகளையும் அங்கு அனுப்பினார். கரையிறங்கிய இடத்திலேயே மஞ்சட் காய்ச்சலுக்குப் பலர் பலியாயினர்.

1866இற் செப்பின் விலை வீழ்ந்தது. 1870களில் அவுஸ்திரேலிய வெள்ளீயமும், அதனைத் தொடர்ந்து மலாயா வெள்ளீயமும் சந்தையை நிரப்பின. கோர்ண்வாலிற் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். கைத்தொழிலைத் தவிர வேறு செல்வம் அவரிடம் இல்லை. அக்கைத்தொழிலுக்கு ஒரு புது நிலம் தென்னிந்தியாவிற் காத்திருந்தது.

கோலாரின் பழஞ்சுவடுகள்

கோலார்ப் பொன் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. கன்னட நாட்டின் பொன்னிலங்களிற் பண்டைக் காலத்தவர் அகழ்ந்த குழிகள் பலவுள. ஹட்டி என்னும் இடத்திலே அக்குழி 600 அடிக்கும் மேற்பட்ட ஆழம் சென்றிருந்தது. அதனுட் கிடைத்த மரத்துண்டுகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையன என அறிவியலார் கணித்துள்ளனர். பாறையைத் தீயினாற் சுட்டு, பின்பு நீர் தெளித்துப் பிளப்பதே பண்டையோர் முறை.

1799இற் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் எல்லைகளை அளக்கச் சென்றவருள் லெப்டினன்ட் ஜோன் வாரன் என்பவரும் ஒருவர். 1802இல் மாரிக்குப்பம், ஊரிகம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதாகக் கேள்வியுற்று, அதனைக் காட்டுவோர்க்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். ஊரார் வண்டியில் மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்முன்னே கழுவிப் பொற்றுகளைக் காட்டினர். ஊர்ப் பறையர் குழிகளுள் இறங்கிக் கல்லெடுப்பதையும், பெண்கள் அதனை இடித்துத் தூளாக்குவதையும் அவர் கண்டு எழுதினார்.

இவ்வாரன் பிரெஞ்சுக் குடும்பத்தவர். பின்னாளிற் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை வகித்தவர். 1825இற் புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுத்தின் துணையின்றிச் சோழிகளை நிலத்திற் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளால் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தவரும் இவரே. தென்னாட்டார் காலங் கணிக்கும் முறைகளைப் பற்றி இவர் எழுதிய 'காலசங்கலிதம்' அவ்வாண்டில் வெளிவந்தது. பொன்னாயினும் வானாயினும், ஊராரின் அறிவைத் தாம் அறிந்தவாறே எழுதிவைத்த பெருமை இவருக்குண்டு. ஆனால் மண் கழுவிக் காட்டியோரின் பெயர்கள் வரலாற்றிற் புகழ் பெறவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. நியூசிலாந்திற் போர் புரிந்து ஓய்வு பெற்றுப் பெங்களூரில் வாழ்ந்த ஐரிஷ் வீரர் மைக்கேல் பிற்ஸ்ஜெரல்ட் லவெல், வாரனின் அறிக்கையைப் படித்து, 1871இல் மாட்டு வண்டியேறிக் கோலார் சென்றார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் அகழும் உரிமை பெற்றார். அவரிடம் ஆர்வம் இருந்தது, முதல் இல்லை. உரிமை கைமாறியது. 1880இல் ஜோன் டெயிலர் கொம்பனியார் அங்கு வந்தனர்.

கோர்ண்வால் வித்தை கோலாரில்

முதலாண்டுகள் ஏமாற்றத்திலேயே கழிந்தன. பங்குதாரரின் பணம் கரைந்தது, பொன் தோன்றவில்லை. முயற்சியைக் கைவிடுவதே தக்கதெனப் பலர் கருதிய வேளையிலே, எஞ்சிய பணத்தைக் கொண்டு இன்னும் சிறிது ஆழம் சென்று பார்க்குமாறு கப்டன் பிளமர் என்பவர் பணிக்கப்பட்டார். அவர் பண்டையோர் அகழ்ந்து விட்ட குழிகளின் அடியைத் தேடிச் சென்றார். அங்குதான் பின்னாளிற் 'சாம்பியன்' எனப் பெயர் பெற்ற செழும் பொற்படை இருந்தது. முன்னோர் கைக்கருவியால் எட்ட முடியாது நிறுத்திய இடமே புதியவர்க்குத் தொடக்கமாயிற்று. கோர்ண்வால் அனுபவத்தின் திறம் இதிற் புலனாகும். பண்டைத் தொழிலாளரின் குழி அதற்கு வழிகாட்டிற்று என்பதும் உடன் புலனாகும்.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. மைசூர், சாம்பியன் றீவ், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் ஐந்தாயின. கிளாஸ்கோ நகரில் 1887இல் உரிமை பெற்ற சயனைட்டு முறை, இடித்துக் கழித்த தூளிலிருந்தும் பொன்னைப் பிரித்தெடுக்க வழி செய்தது. 1894இற் புகையிரதப் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலே காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 92 மைல் தூரம் கம்பி வழியே சுரங்கங்களை அடைந்தது. அக்காலத்து உலகிலேயே மிக நீண்ட மின்கம்பி வழிகளுள் அதுவும் ஒன்று. இத்திட்டத்தை முன்னின்று நடத்திய பொறியியலாளர் ஜொலி டி லொட்பினியர் கனடா நாட்டவர்; அதற்கு அரசின் ஆதரவை அளித்த திவான் சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். விளக்கெரிவதைக் காணுமுன்னரே, 1901இல், திவான் காலமானார்.

தங்கவயலின் தமிழர்

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கோலாருக்கு வந்தனர். அவருள் மிகப் பலர் ஆதிதிராவிடர். கிராமத்திலே பண்ணையடிமைகளாய் நெல்லைக் கூலியாகப் பெற்றோர்க்கு, மாதந்தோறும் காசாகக் கூலி கொடுக்கும் இடம் ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். இதனை மறைத்துத் துன்பத்தை மட்டும் கூறுவது முழு வரலாறாகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்திற்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர்.

ஆயினும் அவர் செய்த வேலையின் இயல்பை நோக்குக. சுரங்கம் காலப்போக்கில் 10,000 அடிக்கு மேல் இறங்கியது. அத்துணை ஆழத்திற் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்திருந்தது. குளிரூட்டிய காற்றைச் செலுத்தாமல் ஆங்கு மனிதர் நிற்றல் இயலாது. மேலிருக்கும் பாறையின் பாரத்தினால் சுரங்கச் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும் ஆபத்து எப்பொழுதும் இருந்தது. இவற்றினும் கொடியது கண்ணுக்குப் புலனாகாத கற்றூள். 1940க்கும் 1946க்கும் இடையே 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 43.7 பேருக்குக் கற்றூள் படிந்த நுரையீரல் நோய் இருந்தமை வெளிப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானது கோலாரிலேதான். கோர்ண்வால் தொழிலாளரும் இதே நோய்க்கு இரையாயினர் என்பதைப் பேராசிரியர் ஹால்டேன் 1904இல் வெளியான அறிக்கையில் ஆராய்ந்துள்ளார். தூள் இனம் பார்ப்பதில்லை.

பதவியோ இனம் பார்த்தது. கோலாரில் உச்சியில் ஆங்கிலேயப் பொறியியலாளரும், அவர்க்குக் கீழே கோர்ண்வால், இத்தாலிய மேற்பார்வையாளரும், அடுத்து ஆங்கிலோ இந்தியரும், அடித்தளத்திலே தமிழ்க் கூலிகளும் அவரை அழைத்து வந்த மேஸ்திரிமாரும் என அடுக்கு அமைந்தது. கோர்ண்வாலிற் போலத் தாதுவின் மதிப்பில் பங்கு பெறும் முறை இங்குத் தமிழருக்கு வழங்கப்படவில்லை. பாறையை மதிக்கும் அறிவு அவர்க்குக் கைவந்திருந்தது. அவ்வறிவுக்கு விலை இல்லை. பொன்னைத் திருடக்கூடும் என்ற ஐயத்தினால் அவர் உடலும் உடையும் சோதிக்கப்பட்டன. 1930இற் கைவிரற் பதிவு எடுக்கும் முறை புகுத்தப்பட்டபோது, அதனை அவமதிப்பெனக் கருதித் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் கேட்டது கூலி மட்டுமன்று, மானமும் என்பதற்கு அதுவே சான்று.

சுரங்கத்துள் அடைபட்ட ஏணியை அவர் வெளியே கட்ட முயன்றனர். அயோத்திதாச பண்டிதரின் (1845-1914) பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அங்குத் தோன்றிய சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. பகலிலும் இரவிலும் முறை வைத்து நிலத்தடியில் உழைத்தோரின் குடியிருப்பிலே நூலும், சங்கமும், பள்ளியும் எழுந்தன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோர் தங்கவயலை விடுத்து எழுதுதல் ஆகாது.

இலங்கையும் மலாயாவும்

கோர்ண்வாலின் வெள்ளீயத்தை வீழ்த்தியது மலாயா வெள்ளீயம் என்றோம். நம் மக்கள் 'ஈய லம்பம்' என வழங்கிய அச்சுரங்கங்களுக்கும் இலங்கைக்கும் உறவுண்டு. லாருட் பகுதியின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்ல, தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் வரை 8 மைல் தூரத்துக்கு 1885இல் திறக்கப்பட்டதே மலாயாவின் முதற் புகையிரதப் பாதை. அதனை அமைத்தோர் இலங்கையிலிருந்து சென்ற பயனியர் படையின் இரு பிரிவினர். இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய பொறியியலாளர் ஸ்பூனர் 1891இற் சிலாங்கூருக்கு மாறி, 1901இல் மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியின் தலைவரானார். அவர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பெருந்தொகையினர் இலிகிதராகவும், நிலைய அதிபராகவும், நில அளவையாளராகவும் மலாயா சென்றனர்.

கோலாருக்குச் சென்ற தமிழருக்கும் மலாயாவுக்குச் சென்ற இலங்கைத் தமிழருக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு இருந்ததாகக் கூற இடமில்லை. வேறுபாடு ஒன்றே: பின்னவர்க்கு ஆங்கிலப் பாடசாலையும் பரீட்சையும் ஊரிலேயே கிடைத்தன, முன்னவர்க்கு ஊர்ப் பள்ளியின் வாயிலே சாதியினால் அடைக்கப்பட்டிருந்தது. கனியவியலில் உயர்பதவி வகித்த தமிழ்க் குடிப்பிறப்பாளர் ஒருவரையும் இங்கு எண்ணலாம். கலைப்பேரறிஞராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வின் தலைவராயிருந்தவர்; தோரியனைற்று என்னும் கனியத்தை 1904இற் கண்டறிந்தவர். அவருக்கு அவ்வாயிலைத் திறந்தது இலண்டன் சருவகலாசாலைப் பட்டம். அனுபவத்தால் மட்டும் உயரும் வழி, ஆங்கிலேயரல்லாதார்க்கு அந்நாளில் திறந்திருக்கவில்லை.

ஏணி மாறிய காலம்

ஆகவே நாம் தொடங்கிய வினாவுக்கு விடை இரு கூறாக அமைகின்றது. கோர்ண்வால் கப்டன் உயர்ந்த காலத்தில், அனுபவமே தகுதியாயிருந்தது. அக்காலத்தில் தமிழனின் அனுபவம் இனத்தின் பெயரால் மதிக்கப்படவில்லை. பின்பு தகுதி பட்டத்துக்கு மாறியது. 1926இல் தன்பாத்திலே இந்தியச் சுரங்கக் கல்லூரி தோன்றியது. இந்தியர் பொறியியலாளராயினர். ஆனால் அப்பட்டத்தைப் பெறும் வசதி, மண்வெட்டியும் துளைக்கருவியும் பிடித்த தொழிலாளியின் வீட்டுக்கு எளிதில் எட்டவில்லை. ஓர் ஏணி அவனுக்கு மறுக்கப்பட்டது. மற்றையது அவன் கைக்கு எட்டாத உயரத்திலே வைக்கப்பட்டது.

1956இல் மைசூர் அரசு கோலார்ச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை இந்திய நடுவரசின் கைக்கு மாறின. 1972இற் பாரத் கோல்ட் மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் எழுந்தது. 1965இற் சாம்பியன் றீவின் ஆழத்திலே பம்பாய், ஒசாக்கா, டேர்ஹாம் அறிஞர் கூடி, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூற்றினோ என்னும் நுண்துகளின் சுவட்டைக் கண்டனர். தமிழ்த் தொழிலாளி தோண்டிய பள்ளம் அறிவியலுக்கும் ஒரு சாளரமாயிற்று. எனினும் பொன்னின் தரம் குறைந்து, செலவு மிகுந்து, 2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறக்குறைய 800 தொன். இன்று அங்கு எஞ்சியிருப்பவை சயனைட்டுக் கழிவு மண்ணின் குன்றுகளும், நாள்தோறும் விடியற்காலையில் புகையிரதமேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் மக்கட் கூட்டமும்.

கோர்ண்வாலின் முடிவும் ஏறத்தாழ அதே காலத்ததுதான். 1985இல் உலக வெள்ளீயச் சந்தை வீழ்ந்தது; கிந்தாப் பள்ளத்தாக்கும் கோர்ண்வாலும் ஒருங்கே தளர்ந்தன. 1998இற் கோர்ண்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் குறொவ்ரி மூடப்பட்டது. ஆயினும் 2006இல் அந்நாட்டின் பாழடைந்த பொறிமனைகள் யுனெஸ்கோவால் உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. ஒரு தொழிலின் இரு முனைகளுள் ஒன்று மரபுரிமையாயிற்று. மற்றையது கழிவு மேடாய் நிற்கின்றது.

இது நமக்குக் கூறுவது யாது? எமது பனிச்சங்கேணிக்கு வடக்கே, திருகோணமலையையும் கடந்த புல்மோட்டைக் கரையிலே, இல்மனைற்றும் சிர்க்கோனும் கலந்த கருமணல் கிடக்கின்றது. அதனை எடுப்பதற்கென 1957இற் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. கீழைக் கடற்கரையின் கனியங்களைக் குறித்து இன்னும் பலர் வருவர், இயந்திரங்களும் வரும். அப்பொழுது நம் பிள்ளைகள் மணல் அள்ளுவோராக மட்டும் நிற்பரோ, மண்ணின் தன்மையையும், அதை எடுப்பதனால் கரைக்கும் களப்புக்கும் விளைவது யாதென்பதையும் கணித்துரைக்கும் தகுதியோடு நிற்பரோ என்பது, அம்மணல் தோண்டப்படும் நாளில் தீர்மானிக்கப்படுவதன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஊர்ப் பாடசாலையின் விஞ்ஞான வகுப்பிலே தீர்மானிக்கப்படுவது. ஆய்வுகூடமில்லாத பாடசாலைகள் இப்பகுதியில் உள்ளவரை, கோலாரின் வரலாற்றைப் பிறர் கதையென நாம் படித்தல் இயலாது.